‘மூன்றே ஊசி, கீமோவே வேண்டாம்’ என்கிறார்கள், நம்பலாமா?

கேள்வி, 6 பிப்ரவரி 2025, மலேசியாவின் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகர்:

என் தம்பி மகளுக்கு 9 வயது. ரத்தப் புற்றுநோய். கீமோ நான்காவது மாதம் ஓடுகிறது. ஜார்ஜ்டவுனில் தெரிந்தவர் ஒருவர் ஓர் இடத்துக்கு அழைத்துப் போனார். அங்கே ‘நோய் எதிர்ப்புச் செல் ஊசி’ போடுகிறார்களாம். 38,000 வெள்ளி (ரிங்கிட்). மூன்று ஊசி, பக்கவிளைவு கிடையாது, கீமோவை நிறுத்திவிடலாம் என்கிறார்கள். அமெரிக்காவில் ஒரு சிறுமி இதே முறையில் குணமானாள் என்று வீடியோ காட்டினார்கள். இங்கே ஆஸ்பத்திரி வேலை தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். தம்பி 2,000 வெள்ளி முன்பணம் கட்டிவிட்டான்.

6 பிப்ரவரி, இரவு 10.40

அண்ணே, கீமோவை நிறுத்தாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

நான் டாக்டர் இல்லை. கோலாலம்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தப் பிரிவில் 19 வருஷமாக வேலை. ரத்தத்தைச் சுழற்றி, தேவையான செல்லை மட்டும் பிரித்து எடுக்கும் மெஷினை ஓட்டுகிறவள். என் அக்கா மகனுக்கு 2022-இல் சிங்கப்பூரில் உண்மையான செல் சிகிச்சை நடந்தது, பரிசோதனைத் திட்டம் ஒன்றில். அதனால் கொஞ்சம் தெரியும்.

அவர்கள் காட்டிய வீடியோ உண்மை, அந்தச் சிறுமியும் உண்மை. அவளுக்குக் கொடுத்ததும் உங்களுக்கு விற்பதும் ஒன்று என்பதுதான் பொய். நாளை எழுதுகிறேன், இப்போது ஷிப்ட் முடிந்து கண் சொருகுகிறது.

7 பிப்ரவரி, மதியம் 1.15

அந்தச் சிறுமி எமிலி வைட்ஹெட். 5 வயதில் நோய் வந்தது, கீமோவுக்குப் பிறகு இரண்டு முறை திரும்பியது. 2012 ஏப்ரலில், 6 வயதில், பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையில் அவளுடைய ரத்தத்திலிருந்து டி செல் என்ற நோய் எதிர்ப்புச் செல்களையே வெளியே எடுத்து, மரபணுவை மாற்றி, திரும்ப ஏற்றினார்கள். உலகத்திலேயே முதல் குழந்தை அவள்தான். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கார்ல் ஜூன் என்பவர் கூட்டம் பல வருஷம் உழைத்த வேலை அது. அதற்கு முன் 2010-இல் பெரியவர்கள் மூன்று பேருக்குக் கொடுத்துப் பார்த்திருந்தார்கள்.

வீடியோவில் இதுவரை வந்திருக்கும். அடுத்த வாரம் நடந்தது வந்திருக்காது. செல் ஏற்றியபின் காய்ச்சல் ஏறு ஏறு என்று ஏறியது. ரத்த அழுத்தம் சரிந்தது. மூச்சுக்கு மெஷின் வைத்தார்கள். நினைவில்லாமல் இரண்டு வாரம் ஐசியுவில் கிடந்தாள். பிழைக்க மாட்டாள் என்றே பெற்றோரிடம் சொன்னார்கள். ரத்தத்தைச் சோதித்தபோது ஐஎல்-6 என்ற புரதம் எக்கச்சக்கமாக இருந்தது. அதை அடக்கும் டோசிலிசுமாப் என்ற மருந்து மூட்டுவாதத்துக்காக ஏற்கெனவே விற்பனையில் இருந்தது. கார்ல் ஜூனின் மகளுக்கே சிறு வயது மூட்டுவாதம், அதனால் அந்த மருந்து அவருக்குத் தெரிந்திருந்தது. கொடுத்தார்கள். சில மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கியது. தன் ஏழாவது பிறந்தநாளன்று கண் விழித்தாள். இன்று கல்லூரிப் பெண்.

அவர் வீட்டில் ஒரு பெண்ணுக்கு மூட்டுவலி இல்லாமல் இருந்திருந்தால் இந்த ஆராய்ச்சி அந்த வாரமே நின்றிருக்கும் என்று பல பேர் எழுதியிருக்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

அண்ணே, அந்த இடத்துக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “காய்ச்சல் வந்தால் ஐசியு படுக்கை எங்கே? டோசிலிசுமாப் எத்தனை டோஸ் கையில் இருக்கிறது?”

7 பிப்ரவரி, இரவு 9.05

இந்தச் செல் சிகிச்சை எப்படி வேலை செய்கிறது என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன்.

நம் உடம்பில் டி செல் என்பது ரோந்து போலீஸ் மாதிரி. கிருமி புகுந்த செல்லை அடையாளம் கண்டு கொல்லும். ரத்தப் புற்றுநோய்ச் செல் நம் சொந்தச் செல்லாகவே இருப்பதால் டி செல் பல நேரம் அதைச் சந்தேகப்படாமல் விட்டுவிடுகிறது. இந்த நோயின் பெரும்பாலான வகையில் கெட்டுப்போவது, எதிர்ப்புப் புரதம் செய்யும் பி செல். பி செல்லின் மேல் சிடி19 என்று ஒரு புரதம் நீட்டிக்கொண்டிருக்கும். டி செல்லுக்குள் ஒரு புது மரபணுவைப் புகுத்தினால், அது தன் மேல் ஒரு கொக்கியை வளர்த்துக்கொள்கிறது. வெளியே நிற்கும் முனை சிடி19-ஐப் பிடிக்கும், உள்ளே இருக்கும் முனை ‘கொல்லு, பெருகு’ என்று செல்லுக்குச் சொல்லும். இந்தக் கொக்கிக்குப் பெயர்தான் கார். சிகிச்சைக்குப் பெயர் கார்-டி.

இந்த யோசனைக்குப் பழைய பேர்வழி இஸ்ரேலின் வைஸ்மன் நிலையத்தில் இருந்த செலிக் எஷ்ஹார். 1980-களின் கடைசியிலேயே ஆரம்பித்துவிட்டார். ஆனால் அந்தக் காலத்துக் கொக்கி வைத்த செல்கள் உடம்புக்குள் போய்க் கொஞ்ச நாளில் அடங்கிவிடும். உள்முனையில் இன்னொரு துண்டு சேர்த்ததும்தான் நிலைத்து நின்றன. அந்தத் துண்டில் ஒரு வகையை அமெரிக்காவின் மெம்பிஸில் செய்து காட்டியவர்களில் ஒருவர் டாரியோ கம்பானா. அவர் பிறகு சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துக்கே வந்துவிட்டார். பக்கத்து வீட்டில் இவ்வளவு பெரிய ஆள் இருந்தது அக்கா மகனுக்கு நோய் வந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

மரபணுவை உள்ளே கொண்டுபோவது ஒரு வைரஸ். எச்ஐவி குடும்பத்து வைரஸ், பல்லைப் பிடுங்கியது.

8 பிப்ரவரி, காலை 7.20

கடைசி வரியை அப்படி எழுதியிருக்கக்கூடாது. ராத்திரி நான்கு பேர் பதறிக் கேட்டிருக்கிறார்கள். எச்ஐவி நோய் வராது. வைரஸின் பெருகும் பாகங்களை எடுத்துவிட்டு, வெளிக்கூட்டை மட்டும் பார்சல் பெட்டியாகப் பயன்படுத்துகிறார்கள். செல்லுக்குள் சரக்கை இறக்கியதோடு அதன் வேலை முடிந்தது.

ஆனால் ஒரு சங்கதியை மறைக்க மாட்டேன். அந்தச் சரக்கு நம் மரபணு இழையில் எங்கே போய் ஒட்டும் என்று யாரும் குறிவைத்து அனுப்புவதில்லை. தப்பான இடத்தில் ஒட்டினால் வருஷங்கள் கழித்து அந்த டி செல்லே புற்றாகலாம் என்பது ஆரம்பத்திலிருந்தே இருந்த பயம். கார்-டி போட்டுக்கொண்ட சிலருக்கு டி செல் புற்று வந்ததைப் பார்த்து 2024-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எல்லா கார்-டி மருந்துக் குறிப்பிலும் கட்டம் கட்டி எச்சரிக்கை போடச் சொன்னது. ரொம்ப அரிது. வேறு வழி இல்லாத நோயாளிக்கு லாபம்தான் அதிகம் என்றும் சேர்த்தே சொன்னது.

அக்கா மகன் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் தாளில் 15 வருஷக் கண்காணிப்பு என்று இருந்தது. 21 வயசுப் பையன், 36 வயது வரை. “சித்தி, கல்யாணப் பத்திரிகையை அவங்களுக்கும் அனுப்பணுமா?” என்று கேட்டான்.

8 பிப்ரவரி, மாலை 6.00

ஒருவர் நித்தியகல்யாணி இலையைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லியிருக்கிறார். ஐயா, தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள். அந்தச் செடியிலிருந்து வந்த வின்கிரிஸ்டின் இந்தக் குழந்தைக்கு ஏற்கெனவே கீமோவில் போய்க்கொண்டிருக்கும், இந்த நோய்க்கு அது 1960-களிலிருந்து கொடுக்கும் மருந்து. மில்லிகிராம் கணக்கில், ரத்தக் குழாய்க்குள் மட்டும் கொடுப்பார்கள். தவறி முதுகுத்தண்டில் ஏற்றினால் உயிர் போகும். அவ்வளவு விஷம். வாசலில் பூத்திருப்பதைப் பறித்துக் கஷாயம் போடுகிற சமாச்சாரமில்லை.

இன்னொரு மருந்துக் கதையும் ஞாபகம் வருகிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா போன எல்லாப்ரகட சுப்பாராவ் தலைமையில் ஒரு கம்பெனிக் கூடத்தில் அமினோப்டரின் என்ற மருந்து தயாரானது. அதை பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1948-இல் எழுதினார். 16 குழந்தைகள், 10 பேருக்குக் கொஞ்ச காலம் தேறியது, அப்புறம் நோய் திரும்பியது. அன்றைக்கு அது பைத்தியக்காரப் பரிசோதனை. இன்றைக்கு நல்ல மையங்களில் பத்துக் குழந்தைகளில் எட்டு ஒன்பது பேர் கீமோவிலேயே குணமாகிறார்கள். மலேசியாவும் சிங்கப்பூரும் சேர்ந்து மா-ஸ்போர் என்ற பெயரில் நடத்திய திட்டத்தில், மிச்சம் இருக்கும் புற்றுச்செல்லை எண்ணிப் பார்த்து ஒவ்வொரு குழந்தைக்கும் கீமோவைக் கூட்டினார்கள், குறைத்தார்கள்.

அண்ணே, உங்கள் தம்பி மகளின் முதல் மாத மஜ்ஜைப் பரிசோதனை என்ன சொன்னது?

9 பிப்ரவரி, காலை 11.30

‘மிச்சம் இல்லை’ என்று வந்திருக்கிறது என்கிறார். நல்ல செய்தி. அப்படியென்றால் உண்மையான கார்-டி சும்மா கிடைத்தாலும் இந்தக் குழந்தைக்கு இன்றைக்குத் தேவையில்லை. கீமோ கேட்காதவர்களுக்கும் நோய் திரும்பியவர்களுக்கும்தான் அது.

பரிசோதனையில் என்ன கண்டார்கள் என்று கணக்கோடு சொல்கிறேன், ஏனென்றால் விற்கிறவர்கள் இதில் முதல் எண்ணை மட்டும்தான் சொல்வார்கள். பல நாடுகளில் நடந்த எலியானா என்ற பரிசோதனையில் சேர்ந்தவர்கள் 92 குழந்தைகளும் இளைஞர்களும். செல் ஏற்றியது 75 பேருக்கு. மீதிப் பேரில் சிலர் செல் தயாராகும் முன்பே இறந்துபோனார்கள், சிலருக்குச் செல்லே தயாரிக்க முடியவில்லை. ஏற்றிய 75 பேரில் மூன்று மாதத்துக்குள் 81 சதவீதத்தினருக்கு நோய் கண்ணுக்குத் தெரியாமல் போனது. எல்லாக் கதவும் மூடியவர்களுக்கு 81 என்பது நம்ப முடியாத எண். ஆனால் ஒரு வருஷம் கழித்து நோய் திரும்பாமல் இருந்தது பாதிப் பேருக்குத்தான். ஏறக்குறைய பாதிப் பேர் ஐசியுவுக்குப் போய் வந்தார்கள்.

2017 ஆகஸ்டில் அந்த மருந்தை எஃப்டிஏ அனுமதித்தது. கிம்ரியா என்று பெயர். அப்போது விலை 4,75,000 அமெரிக்க டாலர்.

38,000 வெள்ளிக்கு எது வரும் என்று நீங்களே யோசியுங்கள். நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு இது எட்டாக்கனி.

10 பிப்ரவரி, இரவு 11.50

இன்று பினாங்கில் தைப்பூசத் தேர். லீவு கிடைக்காததால் போகவில்லை. அக்கா வீட்டார் தண்ணீர்மலையிலிருந்து வீடியோ அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். அக்கா மகன் கூட்டத்துக்குள் போக மாட்டான், தெருக்கோடியில் மாஸ்க் போட்டுக்கொண்டு நிற்கிறான். கொக்கி வைத்த செல்லுக்கு நல்ல பி செல், கெட்ட பி செல் என்ற வித்தியாசம் தெரியாது. எல்லாவற்றையும் தின்றுவிட்டது. எதிர்ப்புப் புரதம் செய்ய ஆள் இல்லை. அதனால் மாதா மாதம் யார் யாரோ கொடுத்த ரத்தத்திலிருந்து எடுத்த இம்யூனோகுளோபுலின் சொட்டு. ரத்தம் கொடுத்த முகம் தெரியாதவர்களுக்குச் சேர்த்து அக்கா தேங்காய் உடைத்தாளாம்.

முன்பு ‘எட்டாக்கனி’ என்று எழுதியதை யோசித்துக்கொண்டிருந்தேன். முழு உண்மையில்லை. மும்பை ஐஐடியும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து வளர்த்த நெக்ஸ்கார்19 என்ற கார்-டிக்கு இந்தியாவில் 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. அமெரிக்க விலையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அதுவும் நமக்குப் பெரிய காசுதான். ஆனால் தோட்டத்து வீட்டை விற்று, ஈபிஎஃப் பணத்தை எடுத்து, நாலு பேரிடம் கைநீட்டினால் தொடக்கூடிய காசு. 2022-இல் எங்களுக்கு அந்த வழி இல்லை.

12 பிப்ரவரி, இரவு 8.30

செல் எடுப்பது எப்படி இருக்கும் என்று கேட்ட தங்கச்சிக்கு. இது என் சொந்த வேலை என்பதால் கொஞ்சம் நீளும்.

ஒரு கையில் பெரிய ஊசி, ரத்தம் வெளியே போக. இன்னொரு கையில் ஒன்று, திரும்ப வர. நரம்பு சரியில்லையென்றால் கழுத்தில் குழாய். நடுவில் மெஷின் ரத்தத்தைச் சுழற்றும். கனமான சிவப்பணு ஓரத்துக்கு ஒதுங்கும், லேசான பிளாஸ்மா உள்பக்கம் நிற்கும், இரண்டுக்கும் நடுவே மெல்லிய வெள்ளைப் படலம். அந்தப் படலம்தான் எங்களுக்கு வேண்டியது. தக்காளிச் சாறு கலந்த பால் மாதிரி ஒரு நிறத்தில் பையில் சொட்டுச் சொட்டாகச் சேரும். நிறம் கொஞ்சம் கருத்தால் சிவப்பணு அதிகம் வருகிறது என்று அர்த்தம், உடனே திருப்பிச் சரிசெய்ய வேண்டும். நான்கு மணி நேரம் ஆகும். கையை மடக்கக்கூடாது. மூக்கு அரித்தால் பக்கத்தில் இருப்பவர்தான் சொறிந்துவிட வேண்டும்.

ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மருந்து கலக்கிறோம். அது உடம்பிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். முதலில் உதடு மரத்துப்போகும், எறும்பு ஊர்வதுபோல் இருக்கும் என்பார்கள். கால்சியம் கொடுத்தால் சரியாகும். நான் ஓட்டும் மெஷினில் படுப்பவர்களிடம் 10 நிமிஷத்துக்கு ஒருமுறை “உதடு எப்படி இருக்கு?” என்று கேட்பேன். அக்கா மகனுக்கு சிங்கப்பூரில் எடுத்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானும் பழக்கதோஷத்தில் கேட்டுக்கொண்டே இருந்தேன். அங்கிருந்த நர்ஸ் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

எடுத்த செல் உறைநிலையில் தயாரிப்புக் கூடத்துக்குப் போகும். அங்கே டி செல்லைத் தூண்டிவிட்டு, வைரஸ் பார்சலைச் சேர்த்து, பெருக்கி, சுத்தம் பார்த்து, திரும்ப உறையவைத்து அனுப்புவார்கள். மூன்று நான்கு வாரம். அந்த வாரங்கள்தான் கொடுமை. நோய் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும், பை வந்து சேராது.

வந்தபின் மூன்று நாள் லேசான கீமோ, புது செல்லுக்கு இடம் ஒழிக்க. பிறகு ஏற்றுவது. அத்தனை ஆர்ப்பாட்டத்துக்கும் கையில் வந்தது சின்னஞ்சிறு பை, மைலோ டப்பா அளவுகூட இல்லை. சில நிமிஷத்தில் ஏறி முடிந்துவிட்டது. உறையவைக்கச் சேர்க்கும் ரசாயனம் மூச்சில் வெளியேறும்போது ஒரு வாசனை அடிக்கும். சிலர் பூண்டு என்பார்கள். எங்களுக்கு அறை முழுக்க அவித்த ஜாகுங் (மக்காச்சோளம்) வாசனை. அக்கா அதற்குப் பிறகு பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஜாகுங் கடைப் பக்கம் போவதில்லை.

13 பிப்ரவரி, காலை 6.45

நேற்று எழுதாமல் விட்டது. இது என் தொழிலில் உள்ள பயம்.

நோயாளியிடம் எடுக்கும் பையில் டி செல் மட்டும் வராது, புற்றுச்செல்லும் கூடவே வரும். பென்சில்வேனியாவில் ஒருவருக்கு அப்படி வந்த ஒரே ஒரு புற்றுச்செல்லுக்குள்ளேயே கொக்கி மரபணு புகுந்துவிட்டது. அந்தச் செல்லின் மேல் கொக்கி முளைத்து, அதன் சிடி19-ஐ அதுவே மூடிக்கொண்டது. போலீஸ் கண்ணுக்குத் தெரியவில்லை. நோயாளிக்கு நோய் போய், ஒன்பது மாதம் கழித்து அந்த ஒரே செல்லின் வாரிசுகளாகத் திரும்பி வந்தது. 2018-இல் அந்த டாக்டர்களே இதைப் பகிரங்கமாக எழுதினார்கள். மூடி மறைத்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது.

ஒற்றைச் செல். அதைப் படித்த வாரம் ஒவ்வொரு பையையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், கண்ணால் பார்த்துவிட முடியும் என்பதுபோல.

13 பிப்ரவரி, மதியம் 12.55

‘பரிசோதனை என்றால் எலி மாதிரி ஆக்கிவிடுவார்களே’ என்று ஒருவர். எங்கள் வீட்டிலும் மாமா இதையே சொல்லிக் கத்தினார். செல் தயாரிப்புச் செலவு திட்டத்துடையது, வார்டு, ஐசியு, வாடகை வீடு எங்களுடையது. தப்பாகப் போகக்கூடியவை என்று பக்கம் பக்கமாகப் பட்டியல், அதில் ‘மரணம்’ இரண்டு இடத்தில். டாக்டர் ஒவ்வொன்றாகப் படித்து, வேண்டாமென்றால் எப்போதும் விலகலாம் என்றார். ஜார்ஜ்டவுன் இடத்தில் கொடுத்த தாளைப் படம் எடுத்து அண்ணன் அனுப்பியிருக்கிறார். ஒரே பக்கம், பாதிக்கு மேல் சூரியகாந்திப் படம்.

16 பிப்ரவரி, இரவு 10.10

அக்கா மகனின் ஐசியு வாரத்தைக் கேட்கிறீர்கள். சரி.

மூன்றாம் நாள் காய்ச்சல். டாக்டர் முகத்தில் ஒரு சந்தோஷம், எனக்குக் கோபம் வந்தது. செல் வேலை செய்ய ஆரம்பித்ததன் அடையாளமாம். டோசிலிசுமாப் இரண்டு முறை போனது. ரத்த அழுத்தம் பிடித்து நின்றது.

அடுத்த கண்டம் மூளை. செல்கள் கொந்தளிக்கும்போது மூளையும் குழம்பும். அதைக் கண்டுபிடிக்க ஒரு சின்னப் பரீட்சை, பத்து மதிப்பெண். இது எந்த வருஷம், எந்த மாதம், எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி. மூன்று பொருளின் பெயர். சொன்னதைச் செய். 100-இலிருந்து பத்துப் பத்தாகக் குறைத்துச் சொல். கடைசியில் ஒரு வாக்கியம் எழுது. தினமும் பல முறை. இவன் பட்டர்வொர்த் பக்கத்தில் பிறை என்ற ஊரில் தமிழ்ப்பள்ளியில் படித்தவன், வீம்புக்கு வாக்கியத்தைத் தமிழில் எழுதினான்: “எனக்கு ரொட்டி சானாய் வேண்டும், குழம்பு தனியாக.” ஒவ்வொரு நாளும் அதையே.

ஏழாம் நாள் காலை “எந்த ஊர்?” என்றதற்கு “பிறை” என்றான். விளையாடுகிறான் என்று நினைத்தோம். தாளில் ‘எனக்கு’ வரை சரியாக இருந்தது, பிறகு ‘ரொ’வின் கொம்பு மட்டும் ஏழெட்டு முறை வரிசையாக. வேறு எதுவும் இல்லை. நர்ஸ் பிலிப்பைன்ஸ்காரர், தமிழ் தெரியாது, எழுதியிருக்கிறான் என்று சரி போட்டுவிட்டார். அக்காதான் தாளைப் பிடுங்கிப் பார்த்துக் கத்தினாள். அரை மணியில் ஸ்டீராய்டு ஏறியது.

17 பிப்ரவரி, மாலை 5.30

இதைப் படித்துவிட்டு அவனே போன் செய்தான். “சித்தி, அந்த நர்ஸைப் பற்றித் தப்பா எழுதியிருக்கீங்க.” எழுதச் சொன்ன தாளை முந்தின நாள் தாளோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் முறையாம். மொழி தெரிய வேண்டிய அவசியமே இல்லை, உருவம் மாறினால் போதும். அக்கா கத்துவதற்கு முன்பே அவர் டாக்டருக்குச் சொல்லியனுப்பியிருந்தார். அக்கா கண்ணில் அது படவில்லை, எனக்கும் தெரிந்தது அக்கா சொன்னதுதான். மூன்று வருஷமாக அந்தப் பெண்ணின் மேல் மனசுக்குள் ஒரு கோபம் வைத்திருந்தேன். கதையை எல்லோரிடமும் அப்படியே சொல்லியும் வந்தேன்.

“எந்த ஊர்” கேள்விக்கு ‘பிறை’ என்றதில் தனக்குச் சந்தேகமே இருக்கவில்லை என்கிறான். ஜன்னலுக்கு வெளியே பட்டர்வொர்த் ஃபெரி போவது அவன் கண்ணுக்குத் தெரிந்ததாம்.

23 பிப்ரவரி, மதியம் 3.00

டி செல் வகை ரத்தப் புற்றுக்கு ஏன் கார்-டி இல்லை என்று ஒரு மாணவர். நல்ல கேள்வி. டி செல்லைக் கொல்ல டி செல்லை ஏவினால் ஒன்றையொன்று தின்றுவிடும். லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையில் 2022-இல் அலிஸா என்ற 13 வயதுச் சிறுமிக்கு அதற்கும் ஒரு வழி பார்த்தார்கள். வேறொருவர் தானம் கொடுத்த டி செல்லில் மரபணு எழுத்துகளை ஒவ்வொன்றாக மாற்றி, அடையாளத்தை அழித்து அனுப்பினார்கள். நோய் அடங்கியது, பிறகு மஜ்ஜை மாற்றினார்கள். ஒருவரின் செல்லை முன்கூட்டியே செய்து பலருக்குக் கொடுக்க முடிந்தால் என் மூன்று நான்கு வாரப் புலம்பல் தீரும், எனக்கு வேலையும் குறையும்.

2 மார்ச், காலை 9.40

அண்ணன் தகவல் அனுப்பியிருக்கிறார். ஜார்ஜ்டவுன் இடத்தில் என் கேள்வியைக் கேட்டாராம். “ஐசியுவா? நம்ம செல்லுக்குக் காய்ச்சலே வராது அண்ணே” என்று சிரித்தார்களாம்.

யாருக்குமே காய்ச்சல் வராத செல் எதையும் கொல்லவில்லை. இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

முன்பணம் திரும்பக் கொடுக்க மாட்டார்களாம், ‘பதிவுக் கட்டணம்’ என்கிறார்கள். ரசீது இருக்கிறதா என்று பார்த்து, பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு போடுங்கள். பாட்டிலில் எம்ஏஎல் என்று தொடங்கும் பதிவு எண் இருந்ததா என்பதையும் குறித்துக்கொண்டு, மருந்துகளைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான என்பிஆர்ஏவுக்கு ஒரு புகார் எழுதுங்கள். மலாயில் எழுதத் திணறினால் எனக்கு அனுப்புங்கள், நான் சரிபார்த்துத் தருகிறேன்.

19 மார்ச், இரவு 9.15

குழந்தைக்கு அடுத்த கட்ட கீமோ தொடங்கிவிட்டது. முடி போனதற்கு அழுகிறாளாம், மஞ்சள் தொப்பி கேட்கிறாளாம். தம்பி இன்னும் 2,000 வெள்ளிக்காக அண்ணனோடு பேசாமல் இருக்கிறாராம். பேசுவார்.

அக்கா மகன் இந்த மாதச் சொட்டுக்கு வந்திருந்தான். சிங்கப்பூர்த் தாள்களெல்லாம் ஒரு மைலோ டின்னில் இருக்கின்றன என்றான். ஏழாம் நாள் தாளைப் படம் எடுத்து இங்கே போடலாமா என்று கேட்டேன். “அதுல எழுத்துப்பிழை இருக்கு சித்தி, வேணாம்” என்றான். அப்புறம் கேன்டீனுக்கு இறங்கி ரொட்டி சானாய் வாங்கினோம். குழம்பை மேலேயே ஊற்றிவிட்டார்கள், அவன் முறைத்துக்கொண்டே சாப்பிட்டான்.